மைதானத்தின் சாவி

கால்பந்து பெண்களுக்குச் சற்றும் பொருந்தாத விளையாட்டு, அதை ஊக்குவிக்கக் கூடாது. 1921 டிசம்பர் 5ஆம் தேதி இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் நிறைவேற்றிய தீர்மானத்தின் சாரம் இதுதான். பெண்கள் கால்பந்து ஆடுவது குற்றம் என்று அதில் எங்கும் எழுதப்படவில்லை. அந்த அதிகாரம் சங்கத்துக்கு இருக்கவும் இல்லை. தன்னோடு இணைந்த கிளப்புகள் தங்கள் மைதானங்களைப் பெண்களுக்குத் தர வேண்டாம் என்று மட்டுமே அது கேட்டுக்கொண்டது. அது ஒன்றே போதுமானதாக இருந்தது. பார்வையாளர் இருக்கைகள், டிக்கெட் வாசல்கள், சமன்செய்த புல்தரை என்று அந்த நாட்டில் கால்பந்துக்குத் தேவையான ஏறத்தாழ எல்லாமே அந்தக் கிளப்புகளின் கையில்தான் இருந்தன.

பெண்களை ஒரு வெளியிலிருந்து வெளியேற்ற எப்போதும் சட்டம் தேவைப்படுவதில்லை, சாவி யார் கையில் இருக்கிறது என்பதே போதும். இதை நான் தெளிவாகப் புரிந்துகொண்டது பிரெஸ்டன் என்ற ஊரின் தொழிற்சாலைப் பெண்கள் நடத்திய ஓர் அமெச்சூர் கால்பந்துக் கிளப்பின் வரலாற்றைப் படித்தபோதுதான். 1917இல் தொடங்கி 1965 வரை நீடித்தது அந்தக் கிளப். தடை வந்த பிறகு மட்டும் 44 ஆண்டுகள் அது ஆடியது.

பிரெஸ்டன் வட இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் உள்ள பஞ்சாலை ஊர். நூற்பு இயந்திரத்தால் பெயர்பெற்ற ரிச்சர்ட் ஆர்க்ரைட் பிறந்தது இங்கேதான். லங்காஷயரின் உழைக்கும் குடும்பங்களில் பெண்கள் ஆலைக்குப் போவது போருக்கு முன்பே சாதாரண விஷயம். ஆகவே முதல் உலகப்போர்தான் பெண்களை வீட்டிலிருந்து வெளியே கொண்டுவந்தது என்று பொதுவாகச் சொல்லப்படும் கதை இந்த ஊருக்கு அப்படியே பொருந்தாது. போர் மாற்றியது அவர்கள் செய்த வேலையின் தன்மையை. ஆண்கள் போர்முனைக்குப் போனபின் கனரகப் பொறியியல் தொழிற்சாலைகளுக்குள் பெண்கள் நுழைந்தார்கள். போர் முடியும் தறுவாயில் பிரிட்டன் முழுவதும் ஏறத்தாழ 9 இலட்சம் பெண்கள் ஆயுதத் தளவாட உற்பத்தியில் இருந்தார்கள்.

பிரெஸ்டனின் ஸ்ட்ராண்ட் ரோட்டில் இருந்த டிக், கெர் நிறுவனம் டிராம்களும் ரயில் தளவாடங்களும் செய்துவந்தது. போர்க்காலத்தில் அது வெடிகுண்டு உற்பத்திக்கு மாறியது. அங்கே வேலைக்கு வந்த இளம்பெண்கள் மதிய இடைவேளையில் முற்றத்தில் பந்து உதைக்கத் தொடங்கினார்கள். 1917 அக்டோபரில், தொழிற்சாலை ஆண்கள் அணி தொடர்ந்து தோற்பதைக் கேலி செய்த பெண்களுக்கும் அந்த ஆண்களுக்கும் இடையே சவால் எழுந்தது என்றும், கிரேஸ் சிப்பர்ட் என்ற தொழிலாளி பெண்கள் பக்கம் முன்னின்றார் என்றும் கிளப்பின் கதை சொல்கிறது. அலுவலகத்தில் பணிபுரிந்த ஆல்ஃபிரட் ஃப்ராங்க்லண்ட் பெண்களின் ஆட்டத்தைப் பார்த்து, இதை நிதி திரட்டும் ஆட்டமாக நடத்தலாம் என்று முன்வந்தார்.

1917 கிறிஸ்துமஸ் அன்று, பிரெஸ்டன் நார்த் எண்ட் கிளப்பின் டீப்டேல் மைதானத்தில் முதல் பெரிய ஆட்டம் நடந்தது. எதிரணி ஊரின் இன்னொரு தொழிற்சாலையான ஆருண்டல் கூல்தார்ட் வார்ப்பாலையின் பெண்கள். 10,000 பேர் பார்க்க வந்தார்கள். டிக், கெர் பெண்கள் 4-0 என்று வென்றார்கள். காயம்பட்ட படைவீரர்களுக்கான மருத்துவமனைக்கு 200 பவுண்டுக்கும் மேல் சேர்ந்தது. கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை, அரைக்கால் சட்டை, தலைமுடியை அடக்கி வைக்க அதே கோடு போட்ட தொப்பி. பழைய படங்களில் அவர்களை அப்படித்தான் பார்க்கிறோம். கணுக்கால் தெரிவதே பேச்சாகியிருந்த ஒரு தலைமுறைக்கு அடுத்த தலைமுறை, பத்தாயிரம் பேர் முன்னால் முழங்கால் தெரிய ஓடியது.

போர் 1918 நவம்பரில் முடிந்தது. வேலைகளிலிருந்து பெண்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இங்கிலாந்தின் வடகிழக்கில் ஆயுதத் தொழிற்சாலைப் பெண்களுக்கென்று நடந்த கோப்பைப் போட்டி நின்றுபோனது, பல அணிகள் கலைந்தன. பிரெஸ்டன் அணி கலையவில்லை. அது மேலும் வளர்ந்தது. ஃப்ராங்க்லண்ட் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து நல்ல ஆட்டக்காரர்களைத் தேடிச் சேர்த்தார். செயின்ட் ஹெலன்ஸிலிருந்து லில்லி பார் வந்தார். 1905இல் பிறந்தவர், அணியில் சேர்ந்தபோது பதின்ம வயதுப் பெண். ஆறடியை நெருங்கும் உயரம், இடதுகாலில் அசாத்திய பலம், வாயில் எப்போதும் வுட்பைன் சிகரெட்.

1920இல் பிரான்சிலிருந்து ஒரு பெண்கள் அணி வந்தது. அதை அழைத்து வந்தவர் ஆலிஸ் மில்லியா, பிறகு 1922இல் பாரிஸில் பெண்களுக்கென்று தனி ஒலிம்பிக் நடத்திக்காட்டியவர். டீப்டேலில் நடந்த முதல் ஆட்டத்துக்கு 25,000 பேர் வந்தார்கள். இரு அணிகளின் கேப்டன்களும் கன்னத்தில் முத்தமிட்டு வாழ்த்திக்கொள்ளும் படம் அந்தப் பயணத்தின் அடையாளமாக இன்றும் நிற்கிறது. அதே ஆண்டு டிக், கெர் பெண்கள் பிரான்சுக்குப் போய்த் திரும்ப ஆடினார்கள். டிசம்பரில் டீப்டேலில், இராணுவத்தின் தேடுவிளக்குகளை வாங்கி வைத்து, இரவில் ஓர் ஆட்டம் நடத்தினார்கள். விளக்குகளுக்கு அனுமதி தந்தவர் அன்று போர்த்துறை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில். வேலையில்லாத முன்னாள் படைவீரர்களுக்காக நடந்த ஆட்டம் அது.

பத்து நாள் கழித்து, 1920 டிசம்பர் 26 அன்று, லிவர்பூலின் குடிசன் பார்க்கில் செயின்ட் ஹெலன்ஸ் பெண்களுடன் மோதினார்கள். 53,000 பேர் உள்ளே, இடமில்லாமல் ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே. வசூல் 3,115 பவுண்டு. முக்கியமான முன்கள வீராங்கனை ஃப்ளோரி ரெட்ஃபோர்ட் ரயிலைத் தவறவிட்டதால், கேப்டன் ஆலிஸ் கெல் முன்னே போய் ஆடி இரண்டாம் பாதியில் மூன்று கோல் போட்டார். 4-0. பிரிட்டனில் ஒரு பெண்கள் ஆட்டத்துக்கு அதைவிடப் பெரிய கூட்டம் சேர 2012 லண்டன் ஒலிம்பிக் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஓராண்டு கூட ஆகவில்லை, தடை வந்தது. ஏன் என்று கேட்டால், தீர்மானத்திலேயே இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று உடல், மற்றொன்று பணம். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் பணம். வசூலில் அதிகப் பங்கு செலவுக்குப் போகிறது, தர்மத்துக்குப் போதுமானது போவதில்லை என்று சங்கம் குறைசொன்னது. அமெச்சூர் என்றால் ஆட்டத்துக்குச் சம்பளம் வாங்காதவர் என்று பொருள். டிக், கெர் பெண்கள் வாரம் முழுவதும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். 1921இல் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார்கள். நாடு முழுக்க ரயிலேறிப் போனால் கூலி போகும். அந்த இழப்புக்கு ஈடாக நாளுக்குப் பத்து ஷில்லிங் தரப்பட்டது. வேலைக்குப் போகும் பெண்கள் சொந்தக் கூலியை இழந்து ஆட முடியாது, இழந்ததைத் திருப்பித் தருவதில் என்ன தவறு என்று கேப்டன் ஆலிஸ் கெல் வெளிப்படையாகவே கேட்டார்.

இந்தக் கேள்வி பிரெஸ்டனுக்குப் புதிதல்ல என்பதுதான் வேடிக்கை. 1884இல், ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுத்ததற்காகப் பிரெஸ்டன் நார்த் எண்ட் எஃப்.ஏ. கோப்பையிலிருந்து விலக்கப்பட்டது. அந்தக் கிளப்பை நடத்திய வில்லியம் சடெல் ஆமாம், கொடுத்தோம் என்று ஒப்புக்கொண்டார். வடக்கத்திய கிளப்புகள் தனிச் சங்கம் தொடங்குவோம் என்று மிரட்டின. கூலிக்காரன் சனிக்கிழமை வேலையை விட்டுவிட்டு ஆட வந்தால் அவன் குடும்பம் எதைச் சாப்பிடும் என்பதே அவர்கள் பக்கத்து நியாயம். 1885இல் சங்கம் பணிந்தது, தொழில்முறைக் கால்பந்து சட்டபூர்வமானது. 1888-89இல் நடந்த முதல் லீக்கை ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் வென்றது அதே பிரெஸ்டன் நார்த் எண்ட். கூலிக்கார ஆணின் சனிக்கிழமைக்கு விலை உண்டு என்று 1885இல் ஏற்றுக்கொண்ட அதே சங்கம், 36 ஆண்டுகள் கழித்து, அதே ஊரின் கூலிக்காரப் பெண்ணின் சனிக்கிழமையைத் தர்மக்கணக்கில் எழுதச் சொன்னது.

பெண்ணின் உழைப்பு இலவசமாகக் கிடைக்கும்வரை புகழப்படும், அதற்கு விலை கேட்டால் சந்தேகிக்கப்படும் என்பது நம் வீடுகளிலும் நாம் அறிந்ததே. போர் வீரர்களுக்காக ஆடியபோது அவர்கள் நாட்டின் செல்லப்பெண்கள். 1921 ஏப்ரலில் சுரங்க முதலாளிகள் தொழிலாளர்களை வெளியே நிறுத்திக் கதவடைத்தபோது, பசியில் வாடிய சுரங்கக் குடும்பங்களுக்காகப் பெண்கள் அணிகள் ஆடி நிதி திரட்டின. போர்க்காலத் தர்மம் வர்க்கப் போராட்டத்தின் பக்கம் சாய்ந்ததும் மேலிடத்தில் முகம் மாறியது என்று சில வரலாற்றாளர்கள் சொல்கிறார்கள். ஹாக்கியும் டென்னிஸும் ஆடிய நடுத்தர, மேல்தட்டுப் பெண்களை யாரும் இப்படித் தடுக்கவில்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பொருந்தாத விளையாட்டு என்ற சொல்லுக்குள் பாலினத்தோடு வர்க்கமும் ஒளிந்திருந்தது.

இனி உடல். தடையை ஒட்டி மருத்துவர்களின் கருத்துகள் பத்திரிகைகளில் வந்தன. பெண்ணின் உடலமைப்பு தாங்கக்கூடியதற்கு மேற்பட்ட ஆட்டம் இது என்று சொன்னவர்களில் முக்கியமானவர் லண்டன் ஹார்லி தெருவின் டாக்டர் மேரி ஷார்லீப். இந்தப் பெயரைப் பார்த்ததும் நான் படிப்பதை நிறுத்திவிட்டு யோசித்தேன். ஏனென்றால் அவர் நம் ஊர் வரலாற்றில் இருப்பவர்.

கணவரோடு மதராஸுக்கு வந்த மேரி ஷார்லீப், ஆண் மருத்துவரிடம் காட்ட முடியாமல் பிரசவத்தில் செத்துப்போகும் பெண்களைப் பற்றிக் கேள்விப்பட்டு மருத்துவம் படிக்க விரும்பினார். 1875இல் மதராஸ் மருத்துவக் கல்லூரி சேர்த்துக்கொண்ட முதல் நான்கு பெண்களில் அவர் ஒருவர். இங்கிலாந்தில் பெண்கள் மருத்துவக் கல்விக்காகக் கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருந்த காலம் அது. பிறகு லண்டனில் பட்டம் பெற்றுத் திரும்பி வந்து, 1885இல் சாதி இந்து, கோஷாப் பெண்களுக்கான மருத்துவமனையைத் தொடங்கக் காரணமாக இருந்தார். சென்னைக்காரர்கள் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்லும் திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை அதுதான். எத்தனை ஆயிரம் பிள்ளைகள் அங்கே பிறந்திருப்பார்கள்!

மருத்துவம் பெண்ணின் உடலுக்கும் மனதுக்கும் பொருந்தாத தொழில் என்று சொல்லப்பட்ட காலத்தில் அதைத் தகர்த்து உள்ளே போனவர் அவர். எழுபது வயதைத் தாண்டியபின் இன்னொரு கதவு முன்னால் நின்று, இது உங்கள் உடலுக்குப் பொருந்தாது என்று தொழிற்சாலைப் பெண்களிடம் சொன்னார். இதைப் பெண்ணுக்குப் பெண்ணே எதிரி என்ற சுலபமான வசனத்தில் அடைக்க எனக்கு விருப்பமில்லை. அவர் கடந்து வந்த கதவு படிப்பின் வழியாக, சேவையின் பெயரால் திறந்தது. கால்பந்தில் சேவை என்ற சாக்கைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது களிப்பு மட்டுமே. பிறருக்குப் பயன்படும் பெண்ணுடலை ஏற்றுக்கொண்ட பலருக்கு, தனக்காக ஓடி வியர்க்கும் பெண்ணுடல் ஏனோ உறுத்தியது.

மறுபக்கமும் ஒரு பெண் மருத்துவரே பேசினார். தடைக்குப்பின் ஃப்ராங்க்லண்ட் மருத்துவர்களை அழைத்து ஆட்டத்தைப் பார்க்கவைத்தார். பார்த்தவர்களில் ஒருவரான டாக்டர் மேரி லவுரி, நாள் முழுக்கத் துணி துவைப்பதால் வராத கேடு எதுவும் இதனால் வந்துவிடாது என்ற பொருளில் கருத்துச் சொன்னார். எனக்கு இந்த வாதத்தில் மிகவும் பிடித்தது இதுதான். தண்ணீர்க் குடம் சுமப்பதும், பொதித்துணி அடிப்பதும், வெடிகுண்டு உறை தூக்குவதும் பெண்ணுடலுக்குக் கேடு என்று எந்தச் சங்கமும் அவசரக் கூட்டம் போட்டதில்லை.

நான் படித்த பள்ளியில் மாலை நாலு மணிக்குமேல் மைதானம் பையன்களுக்கு. எங்களுக்குக் கட்டடத்துக்குப் பின்னால் கொஞ்சம் சிமெண்டுத் தரை, ஒரு ரிங், கிழிந்த வலை. பெண்கள் மைதானத்துக்கு வரக்கூடாது என்று யாரும் எங்களிடம் சொன்னதில்லை. பந்து இருந்த அறையின் சாவி விளையாட்டு ஆசிரியரிடம் இருந்தது, அவர் பையன்களோடு இருந்தார், அவ்வளவுதான். கால்பந்தை நான் முதலில் உதைத்தது முப்பது வயதைத் தாண்டி, என் மகனோடு தெருவில். அந்தச் சிறிய அனுபவத்தின் வெளிச்சத்தில்தான் 1921இன் தீர்மானம் எனக்கு விளங்குகிறது. சொல்லப்படாத தடைக்கு எதிராக மேல்முறையீடு செய்ய இடமே இருப்பதில்லை.

தடைக்குப்பின் என்ன செய்தார்கள் என்பதே இந்தக் கிளப்பின் வரலாற்றில் பெரிய பகுதி. கால்பந்துச் சங்கத்தின் பிடியில் இல்லாத ரக்பி மைதானங்கள், பூங்காக்கள், புல்வெளிகள் என்று எங்கே இடம் கிடைத்ததோ அங்கே ஆடினார்கள். 1922இல் கனடாவில் ஆடக் கப்பலேறினார்கள். இறங்கியதும், அங்குள்ள சங்கமும் தடுத்துவிட்டது தெரிந்தது. அமெரிக்காவுக்குப் போய் ஆண்கள் அணிகளோடு ஒன்பது ஆட்டங்கள் ஆடினார்கள். மூன்றில் வெற்றி, மூன்றில் தோல்வி, மூன்று சமன். 1926இல் ஃப்ராங்க்லண்டுக்கும் நிறுவனத்துக்கும் உறவு முறிந்தபின் அணியின் பெயர் பிரெஸ்டன் லேடீஸ் ஆனது. ஆனாலும் மக்கள் வாயில் அது டிக், கெர்தான்.

பல ஆட்டக்காரர்கள் ஊருக்கு வெளியே இருந்த விட்டிங்ஹாம் மனநல மருத்துவமனையில் செவிலியராக வேலைக்குச் சேர்ந்தார்கள். வேலையும் தங்க இடமும் சேர்ந்து கிடைத்ததால் வெளியூர்ப் பெண்கள் பிரெஸ்டனில் நிலைக்க முடிந்தது. லில்லி பார் ஓய்வுபெறும்வரை அங்கேயே பணிசெய்தார். ஒரு பெண் முப்பது ஆண்டுகள் விடாமல் ஆட வேண்டுமென்றால் அவளுக்குச் சொந்தச் சம்பளமும், கேள்வி கேட்காத ஒரு கூரையும் வேண்டும் என்பதை இந்தச் சிறு தகவல் எவ்வளவு எளிமையாகச் சொல்லிவிடுகிறது.

ஃப்ராங்க்லண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவருடைய பிடிவாதம் இல்லாமல் இந்த அணி இவ்வளவு காலம் நின்றிருக்காது. அதே சமயம், ஆட்டங்களை முடிவுசெய்ததும் பணத்தைக் கையாண்டதும் வெளியுலகிடம் பேசியதும் ஓர் ஆண். ஆடியவர்களில் பெரும்பாலோருக்கு 1921இல் வாக்குரிமையே இல்லை. 1918இன் சட்டம் 30 வயதுக்கு மேற்பட்ட, சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கே வாக்களித்தது. ஆண்களுக்குச் சமமான வாக்கு 1928இல்தான் வந்தது. 53,000 பேரைத் திரட்ட முடிந்த பெண்களுக்கு, தங்களைப் பற்றித் தீர்மானம் போடும் அறைக்குள் ஒரு நாற்காலி இல்லை. 1957இல் ஃப்ராங்க்லண்ட் இறந்தார். கிளப்பின் கடைசி ஆண்டுகளில் நிர்வாகம் கேத் லேதம் என்ற பெண்ணின் கைக்கு வந்தது.

1965இல் கிளப் மூடப்பட்டது. ஆடுவதற்குப் புதிய பெண்கள் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைப்பார்கள்? இரண்டு தலைமுறைச் சிறுமிகள், ஒரு பெண் நல்ல மைதானத்தில் பந்து உதைப்பதைப் பார்க்காமலே வளர்ந்திருந்தார்கள். தடை செய்த வேலை அதுதான். மேற்கு ஜெர்மனியில் 1955 முதல் 1970 வரையும் பிரேசிலில் 1941 முதல் 1979 வரையும் இப்படிப்பட்ட தடைகள் இருந்தன. பெண்களுக்குக் கால்பந்தில் ஆர்வம் இல்லை, பார்க்க ஆள் வரமாட்டார்கள் என்று பிற்காலத்தில் இயல்பான உண்மைபோலச் சொல்லப்பட்டதெல்லாம் இந்தத் தடைகளின் விளைவு.

1969இல் இங்கிலாந்தில் பெண்கள் கால்பந்துச் சங்கம் உருவானது. அதன் பின்னரே பழைய தீர்மானம் விலக்கிக்கொள்ளப்பட்டது. கால்பந்துச் சங்கம் மன்னிப்புக் கேட்டது 2008இல். லில்லி பார் 1978இலேயே இறந்துவிட்டார். 2002இல் தேசியக் கால்பந்து அருங்காட்சியகத்தின் புகழரங்கில் இடம்பெற்ற முதல் பெண் அவர். 2019இல் அங்கே அவருக்குச் சிலை வைத்தார்கள்.

இவ்வளவும் இன்று நமக்குத் தெரிவது, பிரெஸ்டன்காரரான கெயில் நியூஷாம் என்ற பெண் பிடிவாதமாகத் தேடியதால். 1992இல் அவர் உயிரோடு இருந்த பழைய ஆட்டக்காரர்களை ஒன்றுகூட்டினார், 1994இல் நூல் எழுதினார். அதுவரை அந்த வரலாறு இருந்தது எங்கே? முதிய பெண்களின் பீரோக்களில், பத்திரிகைத் துணுக்குகள் ஒட்டிய நோட்டுகளில், மங்கிய குழுப்படங்களில். பாட்டி பந்தாடுவாள் என்று பேரப்பிள்ளைகள் நம்பாமல் சிரித்திருக்கவும் கூடும்.

நம் ஊர்களிலும் அப்படிப்பட்ட பீரோக்கள் இருக்கும். மில் ஊர்களில், ரயில்வே காலனிகளில், கான்வென்ட் பள்ளிகளில் ஆடிய பெண்கள் இருப்பார்கள். அவர்களுடைய பேரேடுகளையும் படங்களையும் இப்போதே கேட்டு வாங்கி எழுதிவைக்க வேண்டும். பிரெஸ்டன் பெண்களின் வெற்றி தோல்விக் கணக்கு 800க்கும் மேற்பட்ட ஆட்டங்களுக்குக் கிடைக்கிறது என்றால், யாரோ ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்து அதை எழுதிவைத்ததால்தான்.